பெரிய ஹோட்டலின் இத்தாலியன் ரெஸ்டாரன்டில் தடுமாறாமல் சாப்பிடுவது எப்படி

ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய ஹோட்டல்களில் ஒரு இத்தாலியன் ரெஸ்டாரன்ட் இருப்பது சகஜம். எந்த நாட்டிலிருந்து வந்து தங்குபவருக்கும் பாஸ்தா தெரியும், தனியாக வருபவரும் சாப்பிடலாம், பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் சமாளிக்கலாம் என்பதால் ஹோட்டல்காரர்களுக்கு அது பிடித்த சமையல். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் பலருக்கும் ஒரு தடுமாற்றம் வந்துவிடுகிறது. பாதி புரியாத மெனு, விலை சொல்லாமல் கடகடவென்று ஒப்பிக்கப்படும் ஸ்பெஷல்கள், எதற்கென்றே தெரியாமல் மூன்று அளவில் கிளாஸ்கள், தடிமனான ஒயின் பட்டியலோடு பக்கத்தில் வந்து நிற்கும் ஒருவர். பணம் வீணாவது இந்தத் தடுமாற்றத்தில்தான்.

இத்தாலியச் சமையல் நாலைந்து நல்ல பொருட்களை வைத்து அதிகம் சிக்கலாக்காமல் செய்கிற சமையல். அதைச் சுற்றி ஹோட்டல் போடும் அலங்காரம்தான் மிரட்டுகிறது. அதனால் இரண்டு காரியம் செய்தால் போதும் என்பது என் கணக்கு: எத்தனை கோர்ஸ், அதாவது எத்தனை சுற்று உணவு, சாப்பிடப் போகிறோம் என்பதை உட்காரும்போதே முடிவு செய்துவிடுங்கள், விலை எழுதாத எதற்கும் விலையை வாய்விட்டுக் கேளுங்கள். இதை எங்கே எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

போவதற்கு முன்

முன்பதிவு செய்யும்போது எல்லோரும் தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். அன்றைக்கு ஹோட்டலில் பெரிய மாநாடோ விருந்தோ இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால் பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் வரை எல்லாவற்றிலும் வரிசை நிற்கும், மாநாடு முடிந்த கையோடு முப்பது பேர் ஒரே நேரத்தில் ரெஸ்டாரன்டுக்குள் வந்து உட்காருவார்கள், உங்கள் பாஸ்தா அவர்களுக்குப் பின்னால்தான் வரும். டேபிளுக்கு நேரக்கட்டுப்பாடு உண்டா என்பது இரண்டாவது. இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும் என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அது தெரியாமல் நிதானமாக நாலு கோர்ஸ் திட்டமிட்டுவிட்டு, இனிப்பு வரும் நேரத்தில் ஒருவர் வந்து தலைமாட்டில் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். கார்டு விவரம் கேட்டால், எவ்வளவு நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் பிடிக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலகங்கள் மட்டுமே நிறைந்த பகுதியில் உள்ள ஹோட்டல் என்றால் வாரநாள் மாலைகள் பரபரப்பாகவும் வாரக்கடைசி ஓரளவு அமைதியாகவும் இருக்கும். பக்கத்தில் நாடக அரங்கமோ விளையாட்டு மைதானமோ இருந்தால் கதை தலைகீழ். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் மதிய நேரத்தைப் பாருங்கள். பல இடங்களில் மதியத்துக்கு இரண்டு அல்லது மூன்று கோர்ஸ் கொண்ட செட் மெனு வைத்திருப்பார்கள். சமையலறை அதேதான், விலை மட்டும் குறைவு. அலுவலகக்காரர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் போக வேண்டும் என்பதற்காக வைத்த மெனு என்பதால் வேகமாகவும் வரும்.

உடை பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். காலர் வைத்த சட்டை, சுத்தமான ஷூ, அவ்வளவு போதும். டை கட்டச் சொல்லும் இடங்கள் இப்போது அரிது. அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும்தான் பிரச்சினை. சந்தேகம் இருந்தால் முன்பதிவு போனிலேயே கேட்டுவிடலாம். அப்புறம், காரில் போகிறீர்கள் என்றால் ரெஸ்டாரன்டில் சாப்பிடுபவர்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தில் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். ஊர் நடுவில் பார்க்கிங் கட்டணம் சில சமயம் ஒரு பாஸ்தா விலைக்கு வந்து நிற்கும்.

உட்கார்ந்ததும்

தங்குபவர்கள் மட்டும்தான் சாப்பிட முடியும் என்று நினைத்துத் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாதிரி ரெஸ்டாரன்டுகள் வெளியாட்களை நம்பியும்தான் நடக்கின்றன. தெருப்பக்கம் தனி வாசலே வைத்திருப்பார்கள். லாபி வழியாகப் போனாலும் யாரும் அறை எண் கேட்கப்போவதில்லை.

காட்டும் டேபிள் பிடிக்கவில்லை என்றால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், லாபியிலிருந்து ஆட்கள் வந்துபோகும் வழியில், பெரிய கூட்டத்துக்காகச் சேர்த்துப் போட்ட நீள டேபிளுக்கு அடுத்ததாக, இந்த மூன்றையும் தவிர்த்தால் போதும். "கொஞ்சம் அமைதியான இடமாக இருந்தால் நல்லது" என்று சொன்னால் இடம் இருக்கும்போது மாற்றித் தருவார்கள்.

முதலில் வரும் கேள்வி தண்ணீர். சாதாரணமானதா, கேஸ் ஏற்றியதா என்று கேட்பார்கள், இரண்டும் பாட்டில், இரண்டுக்கும் காசு. கேள்வியே இந்த இரண்டுக்குள் அமைந்திருப்பதால் குழாய்த் தண்ணீர் கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றாது. அது குடிக்கத் தகுந்ததாக இருக்கும் ஊரில் தாராளமாகக் கேளுங்கள், சில இடங்களில் வடிகட்டிய தண்ணீரை இலவசமாகவே தருவார்கள். பாட்டில்தான் என்றால், கிளாஸ் காலியாகும்போதெல்லாம் அடுத்த பாட்டில் தானாகத் திறக்கப்படும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

ரொட்டி வரும், கூடவே ஆலிவ் எண்ணெய் வரும். இத்தாலியில் பல ஊர்களில் ரொட்டிக்கும் டேபிளுக்கும் சேர்த்து தலைக்கு இவ்வளவு என்று 'கொபெர்தோ' என்ற பெயரில் ஒரு சிறு தொகை பில்லில் ஏறும். அந்த நாட்டுக்கு வெளியே சில இடங்கள் ரொட்டியைத் தனியாக விற்கும், சில இடங்கள் சும்மா தரும். எப்படியானாலும் அதை வைத்தே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பசி வேகத்தில் மூன்று துண்டு ஃபோக்காச்சாவை முடித்துவிட்டு முக்கிய உணவைப் பாதியில் வைப்பவர்களை எந்த ரெஸ்டாரன்டிலும் பார்க்கலாம். ஒரு துண்டை மட்டும் மிச்சம் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முன்னதாக பாரில் ஏதாவது குடித்திருந்தால், அந்தக் கணக்கை அங்கேயே முடிப்பதா, டேபிளுக்கு மாற்றுவதா என்று சொல்லிவிடுங்கள். பாரில் நெக்ரோனியை எல்லோரும் லேசான ஒன்று என்று நினைத்து வாங்குகிறார்கள். ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றையும் சம அளவில் கலந்தது அது, மூன்றும் மதுதான், சோடாகூடக் கிடையாது. பசியைத் தூண்ட ஏதாவது வேண்டும் என்றால் ஒயினும் சோடாவும் கலந்த ஸ்ப்ரிட்ஸ் பரவாயில்லை.

மெனுவைப் படிக்கும் விதம்

இத்தாலிய மெனு ஒரு ஒழுங்கில் இருக்கும். முதலில் ஆன்டிபாஸ்டி, அதாவது தொடக்கத்துக்கான சின்னத் தட்டுகள். அடுத்து ப்ரீமி: பாஸ்தா, ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவு, சூப். அதற்கடுத்து செகோண்டி: இறைச்சியும் மீனும். கொன்டோர்னி என்பது காய்கறியும் உருளைக்கிழங்கும், செகோண்டிக்குத் துணையாக. கடைசியில் டோல்சி, இனிப்பு. இந்த வரிசையில் உள்ள எல்லாவற்றிலும் ஒன்று வாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இத்தாலியர்களே வெளியில் சாப்பிடும்போது பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று பாஸ்தாவின் அளவு. இத்தாலியில் பாஸ்தா பாதி வழிதான், ஒரு ஆளுக்கு உலர்ந்த எடையில் 80 முதல் 100 கிராம் வரை போடுவார்கள். மற்ற நாட்டு ஹோட்டல்களில் சிலர் அதே சின்ன அளவில் தருவார்கள், சிலர் அதுவே முழுச் சாப்பாடு என்று மலைபோலக் குவிப்பார்கள், மெனுவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சர்வரிடம் கேட்டால்தான் தெரியும். சில இடங்களில் பாதி அளவு, முழு அளவு என்று இரண்டு விலையிலும் இருக்கும். ஒரு பாஸ்தாவை இருவருக்குப் பிரித்து இரண்டு தட்டில் கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலும் சமையலறையிலேயே பிரித்துத் தருவார்கள், இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாவது பொறி செகோண்டி. இறைச்சி என்று வாங்கினால் தட்டில் இறைச்சி மட்டும் வரும், ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் இலையும் இருந்தால் அதிகம். காய்கறி வேண்டுமென்றால் கொன்டோர்னியிலிருந்து தனியாக வாங்க வேண்டும். விலையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஓசோபுக்கோ மட்டும் இதில் விதிவிலக்கு. கன்றுக்குட்டியின் கால் எலும்போடு மெதுவாக வேகவைத்த அந்த மிலான் உணவு குங்குமப்பூ ரிசோட்டோவோடு சேர்ந்து ஒரே தட்டில் வருவதுதான் வழக்கம்.

என் யோசனையைக் கேட்டால், இருவராகப் போகும்போது ஆன்டிபாஸ்டியில் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாஸ்தா அல்லது ரிசோட்டோ, கடைசியில் ஒரு இனிப்புக்கு இரண்டு ஸ்பூன். ரொம்பப் பசி என்றால் நடுவில் ஒரு செகோண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஹோட்டல் ரெஸ்டாரன்டுகளில் நல்ல கிரில் இறைச்சி எந்த வகைச் சமையல் இடத்திலும் கிடைக்கும், கையால் செய்த பாஸ்தா எல்லா இடத்திலும் கிடைக்காது. மெனுவின் முதல் பாதியில்தான் அந்தச் சமையலறையின் திறமை தெரியும், விலையும் அங்கேதான் நியாயமாக இருக்கும்.

டேஸ்டிங் மெனு என்று ஏழெட்டுச் சின்னத் தட்டுகள் ஒரே விலையில் இருந்தால், அதை டேபிளில் உள்ள எல்லோருமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். முதல் தடவை போகிற இடத்தில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதிக நேரம் எடுக்கும், பிடிக்காத தட்டு வந்தாலும் தப்பிக்க முடியாது.

எதை வாங்கலாம், எதை விடலாம்

மெனுவில் கார்பொனாரா இருந்தால் அதில் கிரீம் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். ரோம் நகரத்துப் பாஸ்தா அது. முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றிக் கன்னத்தைப் பதப்படுத்திய குவான்சாலே, மிளகு, அவ்வளவுதான் பொருட்கள். அந்தக் கெட்டியான குழைவு முட்டையும் சீஸும் பாஸ்தா வெந்த தண்ணீரும் சேர்ந்து வருவது, கிரீம் போட்டு வருவதில்லை. கிரீம் போடுகிறோம் என்று பதில் வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும்படி மட்டுப்படுத்திய மெனு அது என்று தெரிந்துகொண்டு, சாதாரணத் தக்காளிப் பாஸ்தா மாதிரி கெடுக்க முடியாத ஒன்றுக்குப் போய்விடலாம். ஹோட்டல் மெனுவில் பர்கரும் கிளப் சாண்ட்விச்சும் ஒரு மூலையில் இருப்பதைப் பார்த்து இது போலி இடம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அறையில் தங்கியிருப்பவர்களுக்காக அவற்றை வைத்தே ஆக வேண்டும். சீசர் சாலட் இருப்பதும் அந்தக் கணக்குதான். இத்தாலியிலிருந்து குடியேறிய சீசர் கார்டினி அதை உருவாக்கியது மெக்சிகோவின் திஹுவானாவில்.

ரிசோட்டோ நல்ல தேர்வு, பொறுமை இருந்தால். ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குட்டை ரக அரிசியில் சூடான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 18 முதல் 20 நிமிடம் வரை கிளற வேண்டும். பல சமையலறைகளில் பாதி வேகவைத்துத் தயாராக வைத்திருப்பார்கள், அதில் தப்பில்லை. தட்டைச் சற்றுச் சாய்த்தால் மெதுவாக ஓட வேண்டும். கரண்டி வைத்த இடத்தில் குன்றுபோல நின்றால் நேரம் கடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். சில இடங்களில் குறைந்தது இருவர் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கும்.

ஆன்டிபாஸ்டியில் புர்ராட்டா எங்கும் இருக்கும். புலியா பகுதியில் பிறந்த சீஸ், வெளியே மொசரெல்லா உறை, உள்ளே கிரீமும் சீஸ் நாரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் ருசியே தெரியாது, சில்லென்று வந்தால் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கார்பாச்சோ என்பது மெல்லிய தாள்போல அரிந்த பச்சை மாட்டிறைச்சி. வெனிஸின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கியது. இப்போது பீட்ரூட், மீன் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைப் போடுகிறார்கள், அதனால் முழு வரியையும் படியுங்கள்.

சரி, இப்போது பணம் ஓட்டையாக ஒழுகும் இடங்கள். முதலாவது ட்ரஃபிள், மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான். இலையுதிர் காலத்தில், அதிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வெள்ளை ட்ரஃபிள் வரும். சர்வர் ஒரு சின்ன உருண்டையையும் சீவும் கருவியையும் கொண்டுவந்து "உங்கள் பாஸ்தா மேல் கொஞ்சம் போடட்டுமா" என்று சிரித்தபடி கேட்பார். அது கிராம் கணக்கில் விலை போடப்படும் பொருள். பயிரிடுவது மிகக் கடினம், சில நாட்களில் மணம் போய்விடும், அதனால்தான் அந்த விலை. "எத்தனை கிராம் போடுவீர்கள், மொத்தம் எவ்வளவு வரும்?" என்று கேட்ட பிறகு தலையாட்டுங்கள். ஆசை இருந்தால் வாழ்க்கையில் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம், வெண்ணெய் போட்ட மெல்லிய முட்டைப் பாஸ்தா மேல்தான் அது சரியாக எடுபடும். ஆனால் வருடம் முழுக்க மெனுவில் இருக்கும் ட்ரஃபிள் ஃப்ரைஸ், ட்ரஃபிள் பீட்சா எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுங்கள். கடையில் விற்கும் பெரும்பாலான ட்ரஃபிள் எண்ணெய்களில் அந்த மணம் 2,4-டைதயாபென்டேன் என்ற வேதிப்பொருளால் வருவது.

இரண்டாவது, எடைக்கு விற்பவை. முழு மீனுக்கு 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், கண்ணுக்கு அது ஒரு தட்டின் விலைபோலவே தெரியும். ஃப்ளாரன்ஸ் நகரத்து பிஸ்தேக்கா என்ற மாட்டிறைச்சி ஸ்டேக்கும் அப்படித்தான், கிலோ கணக்கு. ஒரு துண்டே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும், இரண்டு மூன்று பேர் சாப்பிடுவது, நடுவில் சிவப்பாகத்தான் பரிமாறுவார்கள். நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிவிட்டு வேகவைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட வேறு எதையாவது வாங்குவது நல்லது. மீனோ இறைச்சியோ, சமைப்பதற்கு முன் எடை போட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். மீனைத் தட்டில் வைத்து டேபிளுக்குக் கொண்டுவந்து காட்டுவது வழக்கம், கேட்க அதுதான் நேரம்.

மூன்றாவது, வாயால் சொல்லப்படும் ஸ்பெஷல். அன்றைய சந்தையில் கிடைத்ததை வைத்துச் செய்தது என்பதால் பெரும்பாலும் அருமையாக இருக்கும், விலை மட்டும் மெனு விலையோடு சம்பந்தமில்லாமல் இருக்கும். விருந்தாளி முன்னால் விலை கேட்கக் கூச்சமாக இருந்தால், "மெனுவில் உள்ள இதைவிட அதிகமா?" என்று ஒரு வரியை விரலால் காட்டிக் கேளுங்கள். அனுபவமுள்ள சர்வர் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவார்.

பெரிய சீஸ் சக்கரத்துக்குள் பாஸ்தாவைப் புரட்டி எடுக்கும் காட்சியும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைகள் ரசிப்பார்கள். சுவைக்காக என்றால் தேவையில்லை.

சைவமா, ஒவ்வாமையா, முன்பே பேசுங்கள்

இத்தாலியன் என்றால் சைவத்துக்குப் பிரச்சினையே இல்லை என்ற நம்பிக்கையோடு போகிறவர்கள் ஏமாறும் இடங்கள் நிறைய. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் அதன் விதிமுறைப்படியே கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டில்தான் உறைய வைக்கப்படுகிறது. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். முட்டை, மீன், இறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்களில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துபவர்கள் தட்டு தட்டாகச் சீஸ் இல்லாமல் கேட்க வேண்டியிருக்கும்.

காளான் ரிசோட்டோ கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். மினெஸ்த்ரோனே சூப்பில் பன்றிக் கொழுப்பு வதக்கியிருக்கலாம். புத்தனெஸ்கா சாஸில் நெத்திலி உண்டு, கீரை வகைப் பாஸ்தாக்களிலும் பூண்டோடு சேர்த்து அதைக் கரைத்துவிடுவார்கள், கண்ணுக்கே தெரியாது. சில ஊர் ஃபோக்காச்சாவில் பன்றிக் கொழுப்பு சேரும். பன்னா கோட்டா என்ற கிரீம் இனிப்பை உறைய வைப்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். புதிதாகச் செய்த பாஸ்தாவில் முட்டை இருப்பது சாதாரணம், உலர்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். மாட்டிறைச்சி அல்லது பன்றியிறைச்சி சாப்பிடாதவர்கள் ராகு என்ற இறைச்சி சாஸையும் மீட்பாலையும் விசாரிக்காமல் வாங்கக் கூடாது, இரண்டையும் கலந்து அரைப்பது அங்கே இயல்பு. மது தொடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரிசோட்டோவில் சாற்றுக்கு முன்பே வெள்ளை ஒயின் ஊற்றுவது வழக்கம், ராகுவிலும் ஒயின் இருக்கும், காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய திராமிசு என்ற இனிப்பில் மார்சாலா ஒயினோ ரம்மோ இருக்கலாம். திராமிசுவில் பச்சை முட்டையும் சேர்வதுண்டு, கர்ப்பிணிகள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பெஸ்தோ என்ற பச்சை இலைச் சாஸில் பைன் கொட்டை, மொர்த்தடெல்லா என்ற பன்றியிறைச்சி சாசேஜில் பெரும்பாலும் பிஸ்தா.

இவ்வளவையும் டேபிளில் உட்கார்ந்து சர்வரிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பது இருவருக்கும் சிரமம். முன்பதிவின்போதே "இன்னின்னது கூடாது" என்று தெளிவாகச் சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். "சைவம்" என்று ஒரே சொல்லில் சொல்லாமல், இறைச்சிச் சாறு கூடாது, நெத்திலி கூடாது, ஜெலட்டின் கூடாது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கோதுமையில் உள்ள குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள், தனிப் பாஸ்தா இருக்கிறது என்ற பதிலோடு திருப்தியடையாமல், அதைத் தனிப் பாத்திரத்தில் தனித் தண்ணீரில் வேகவைப்பீர்களா என்று கேட்க வேண்டும். ஹோட்டல் சமையலறையில் இதில் ஒரு வசதி உண்டு. பல நாட்டு விருந்தினர்களுக்குச் சமைத்துப் பழகியவர்கள் என்பதால், மெனுவில் இல்லாததையும் செய்து தருவார்கள். பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் மட்டும் போட்ட ஸ்பகெட்டியை எந்த இத்தாலியச் சமையலறையும் பதினைந்து நிமிடத்தில் செய்துவிடும். குழந்தைகளுக்கு வெண்ணெய் மட்டும் போட்ட பாஸ்தா கேளுங்கள், மெனுவில் எங்கும் இருக்காது, ஆனால் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு கத்தரிக்காய் போட்ட சிசிலியின் நோர்மா பாஸ்தா என் முதல் தேர்வு.

ஒயின்

குடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், வேண்டாம் என்று சொன்னால் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

குடிப்பவர்களுக்கு: பட்டியலைப் பார்த்துப் படித்தவர்போல நடிக்க வேண்டாம். ஒயின் தேர்வுக்கு உதவும் சொமெலியேயிடம் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, பட்டியலில் ஒரு விலையின்மேல் விரலை வைத்து "இந்த மாதிரி ஏதாவது" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு அது ஒயின் பெயரைக் காட்டுவதுபோல இருக்கும், சொமெலியேவுக்குத் தொகை புரிந்துவிடும். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். இருவரில் ஒருவர்தான் குடிக்கிறார் என்றால் கிளாஸ் கணக்கில் வாங்குங்கள், அந்த பாட்டிலை எப்போது திறந்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

பரோலோ, ப்ரூனெல்லோ என்ற பெயர்கள் பட்டியலில் உயரத்தில் நிற்கும். பரோலோ வெளியே வரவே குறைந்தது 38 மாதம் ஆகும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். நல்ல ஒயின்தான், ஆனால் கனமான இறைச்சியோடு குடிக்க வேண்டியது. தக்காளிப் பாஸ்தாவுக்கு ஒரு கியான்டி கிளாசிகோ போதும், பாட்டிலின் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். மீனுக்கு வெர்மென்டினோ அல்லது வெர்டிக்கியோ. கொண்டாட்டம் என்றால் நுரைக்கும் ஒயினான ப்ரொசெக்கோ.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் லேபிளைக் காட்டுவார்கள். பெயரையும் வருடத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வருடம் மாறினால் விலையும் மாறும். பிறகு கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது, ஒயின் கெட்டுப்போகவில்லையே என்று பார்க்கத்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் கார்க் கெடுத்திருக்கிறது, சொன்னால் மாற்றித் தருவார்கள். வாசம் சரியாக இருந்தால் தலையசைத்தால் போதும்.

சாப்பிடும்போது

கத்தி, முள்கரண்டியை வெளியிலிருந்து உள்நோக்கி எடுத்துக்கொண்டு போங்கள், தப்பாக எடுத்தாலும் அடுத்த கோர்ஸுக்கு வேறு வைத்துவிடுவார்கள். ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்டாமல், நாலைந்து இழைகளை மட்டும் முள்கரண்டியில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் சுற்றினால் தானாகச் சுருளும். ஸ்பூன் கேட்டால் கொடுப்பார்கள். கடல் உணவுப் பாஸ்தாவுக்குச் சீஸ் கொண்டுவர மாட்டார்கள், மீனின் மணத்தைச் சீஸ் அமுக்கிவிடும் என்பது இத்தாலியர்களின் கருத்து. உங்களுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், காசு கொடுப்பது நீங்கள். பாஸ்தா பல்லில் சற்றுக் கடிபடும் பதத்தில் இருக்கும், அதுதான் சரியான பதம். மென்மையாக வேண்டும் என்பவர்கள் ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், வந்தபின் வேகவைக்க முடியாது.

மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு இப்போதுதான் வேலைக்கு வருகிறது. தட்டில் தங்கிய சாஸைத் துடைத்துச் சாப்பிடும் பழக்கத்துக்கு இத்தாலியில் 'ஸ்கார்பெத்தா' என்று பெயரே உண்டு. வெள்ளைத் துணி விரித்த டேபிளில் இதைச் செய்யலாமா என்று ஆசாரம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சின்னத் துண்டாகப் பிய்த்துச் செய்தால் சமையலறையில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறோம் என்று பொருள்.

தட்டில் ஏதாவது சரியில்லை என்றால் இரண்டாவது வாயிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் பேச்சு எடுபடாது.

இனிப்பு, காபி, பில்

திராமிசு எல்லா இடத்திலும் இருக்கும், எல்லா இடத்திலும் சுமாராகவாவது இருக்கும். வயிறு நிறைந்துவிட்டால் அஃபொகாதோ வாங்குங்கள், வனிலா ஜெலாட்டோ மேல் சூடான எஸ்பிரஸோ ஊற்றியது, இனிப்பும் காபியும் ஒரே செலவில் முடிந்துவிடும். எஸ்பிரஸோவைத் தனியாகக் கேட்டால் இனிப்பு முடிந்த பிறகுதான் வரும், கூடவே வேண்டும் என்றால் சொல்ல வேண்டும். இரவில் கப்புச்சீனோ கேட்டால் இத்தாலியர் புருவத்தை உயர்த்துவார்கள், அவர்களுக்கு அது காலைப் பானம். ஹோட்டலில் அதைக் கேட்காத இரவே இருக்காது, தயங்காமல் வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் மதுவான லிமொன்செல்லோ அல்லது க்ராப்பா ஊற்றட்டுமா என்று கடைசியில் கேட்டால் அது அவர்கள் செலவிலா நம் செலவிலா என்பதைத் தெரிந்துகொண்டு சரி சொல்லுங்கள்.

பில் வந்ததும் மேலோட்டமாகப் பார்க்காமல் தண்ணீர் பாட்டில் எண்ணிக்கை, எடைக்கு வாங்கியவற்றின் எடை, ஒயின் வருடம் மூன்றையும் பாருங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே சேர்ந்திருந்தால் டிப்ஸ் தனியாகத் தர வேண்டிய கட்டாயம் இல்லை, கார்டு சீட்டில் டிப்ஸுக்கு ஒரு வரி காலியாக இருந்தாலும் அதை நிரப்ப வேண்டும் என்று இல்லை. சேர்ந்திருக்கிறதா என்று புரியாவிட்டால் கேளுங்கள். பில்லைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றால் ஆர்டர் செய்வதற்கு முன்பே சொன்னால்தான் தனித்தனியாகப் பதிவார்கள். விருந்தாளி முன்னால் பில் வரக்கூடாது என்றால், ரெஸ்டாரன்டுக்கு வந்ததுமே ஓரமாகப் போய் கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அறையில் தங்குபவர்கள் அறைக் கணக்கில் சேர்த்தால், கிளம்பும் நாளில் ஒப்பிட ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சில ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டத்தில் தங்காமல் சாப்பிட்டால்கூடப் புள்ளிகளோ தள்ளுபடியோ உண்டு, உறுப்பினர் எண்ணைப் பில் போடும் முன் சொல்ல வேண்டும். பார்க்கிங் சலுகை இருந்தால் டேபிளிலிருந்து எழுவதற்கு முன்பே டிக்கெட்டில் முத்திரை வாங்கிவிடுங்கள், கீழே காருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் சாப்பிட்ட கதையைச் சொன்னால் அவர் திரும்பவும் மேலேதான் அனுப்புவார்.